மணி அடிக்கத் தவறிய சிறுவன்

2021ஆம் ஆண்டு, திருவருகைக் காலத்தின் ஒரு ஞாயிறு. காலைப் பூசையில் நான் அப்பத்தை உயர்த்துகிறேன், மணி ஒலிக்கவில்லை. தலைகுனிந்து முழந்தாளிட்டிருந்த பன்னிரண்டு வயதுச் சிறுவனை, அருகிலிருந்தவன் முழங்கையால் இடித்தான். பையன் திடுக்கிட்டு மணியை எடுப்பதற்குள் நான் கிண்ணத்தையும் உயர்த்தி முடித்துவிட்டேன்.

பூசை முடிந்ததும் உடை மாற்றும் அறையில் அவனை நிறுத்திக் கடிந்துகொண்டேன். அவனோ என் முகத்தையே பார்த்தபடி, இலேசாகச் சிரித்துக்கொண்டு நின்றான். அந்தச் சிரிப்பு எனக்குத் துடுக்காகப் பட்டது. பெருந்தொற்றுக் காலமாதலால் எல்லாரும் முகக்கவசம் அணிந்திருந்தோம். கோபத்தில் மூச்சு முட்டவே, கவசத்தை இறக்கிவிட்டு அதே சொற்களை மீண்டும் சொன்னேன். அப்போதுதான் அவன் முகம் வாடியது. கண்களில் நீர் தளும்பியது.

முதல்முறை நான் பேசியது அவனுக்கு விளங்கவே இல்லை என்பதும், இத்தனை காலமும் உதட்டசைவைப் பார்த்தே அவன் பிறர் பேச்சைப் புரிந்துகொண்டு வந்தான் என்பதும் எனக்குத் தெரியச் சில வாரங்கள் ஆயின. அவனுடைய காதுக்கும் அவனுடைய சிறுநீரகத்துக்கும் தொடர்பு உண்டு என்று அறிய இன்னும் சில மாதங்கள் ஆயின. மருத்துவம் நான் கற்றதன்று. ஆயினும் அந்தப் பையனோடு மருத்துவமனைப் படிகளில் ஏறி இறங்கியபோது கேட்டறிந்தவற்றை நம் குடும்பங்களுக்குச் சொல்லாமல் இருப்பது சரியன்று என்று தோன்றியதால் இதை எழுதுகிறேன்.

பையனின் பெயர் வேண்டா. குடும்பத்தைப் பற்றி மட்டும் சொல்கிறேன். ஏரியும் நெல்வயலுமாக இருந்த எங்கள் வட்டாரத்தில், 1998இல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் கார்கள் வெளிவரத் தொடங்கின. பிறகு 2010இல் ஒரகடத்தில் ரெனோ - நிசான் ஆலை, 2012இல் டெய்ம்லர் லாரி ஆலை என ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. இவற்றுக்கு உதிரிபாகம் செய்து கொடுக்கும் சிறு ஆலைகள் எத்தனை என்று எண்ணிச் சொல்ல இயலாது. அவற்றின் பின்னே விழுப்புரம், திருவண்ணாமலைப் பக்கங்களிலிருந்தும், ஒடிசா, பீகார் மாநிலங்களிலிருந்தும் மக்கள் வந்து ஒற்றையறை வீடுகளில் குடியேறினார்கள். பையனின் தந்தை விழுப்புரம் பக்கத்துக்காரர். ஒரகடத்தில் இரும்புத் தகட்டை அழுத்தி வடிவமாக்கும் பிரஸ் பிரிவில் பதினான்கு ஆண்டுகளாக வேலை பார்ப்பவர். தாயும் ஓர் ஆலையில் ஒப்பந்தத் தொழிலாளி. இருவருக்கும் ஷிப்டு வேலை. ஒருவர் வீட்டில் இருக்கும்போது மற்றவர் இருக்கமாட்டார். இருவரும் இருந்தால் ஒருவர் உறக்கத்தில் இருப்பார்.

அந்த வீட்டில் எல்லாரும் உரக்கப் பேசுவார்கள். தொலைக்காட்சி தெருமுனை வரை கேட்கும். நாளெல்லாம் பிரஸ்ஸின் இடிமுழக்கத்தில் நிற்பவருக்குக் காது மந்தப்படுவது இயல்புதானே? 85 டெசிபலுக்கு மேற்பட்ட ஓசையை நாள்தோறும் எட்டு மணி நேரம் கேட்பவரின் செவி காலப்போக்கில் கெடும் என்பது மருத்துவர்கள் சொல்லும் கணக்கு. தந்தை உரக்கப் பேசினார். தொலைக்காட்சியை உரக்க வைத்தார். அதனால் மகனுக்குக் காது கேளாதது எவருக்கும் தெரியாமலே போயிற்று. ஓசை மிகுந்த வீட்டில் செவிட்டுப் பிள்ளை மறைந்துகொள்ள நிறைய இடம் இருக்கிறது.

தாயை அழைத்துக் கேட்டேன். “காதெல்லாம் நல்லாத்தான் இருக்கு சாமி, கவனந்தான் இல்ல” என்றார். பள்ளி அறிக்கையிலும் ‘கவனக்குறைவு’ என்றே எழுதியிருந்தது. சொல்வதெழுதுதலில் ‘பத்து’ என்றால் ‘பட்டு’ என்று எழுதுகிறான். ‘அக்கா’ என்றால் ‘அப்பா’ என்று எழுதுகிறான். இதன் காரணத்தைப் பிற்பாடு செவிப் பரிசோதகர் ஒருவர் விளக்கியபோது வியந்து போனேன். உயிரெழுத்துகளின் ஒலி தாழ்ந்த சுருதியுடையது, வலிமையானது. மூக்கொலியாகிய மெல்லினமும் அப்படியே. க, ச, ட, த, ப போன்ற எழுத்துகளை ஒன்றிலிருந்து ஒன்றாகப் பிரித்துக் காட்டும் ஒலிக்கூறுகளோ உயர்ந்த சுருதியில், மிக மெலிந்தவையாக இருக்கின்றன. நம் இலக்கணம் வல்லினம் என்று பெயரிட்டவை, காது பழுதுபடும்போது முதலில் மறைகின்றன! ஆகவே இத்தகைய பிள்ளைக்கு ஒருவர் பேசுவது கேட்கும். என்ன பேசுகிறார் என்பதுதான் விளங்காது. கூப்பிட்டால் திரும்பிப் பார்ப்பான். அதைக் கொண்டே காது நன்றாக இருக்கிறது என்று நாம் தீர்ப்பளித்துவிடுகிறோம்.

எங்கள் பங்கில் சிறு மருந்தகம் நடத்தும் கன்னியர் ஒருவர் உண்டு. செவிலியர் பயிற்சி பெற்றவர். வயது எழுபதுக்கு மேல். பையனைப் பற்றி அவரிடம் சொன்னேன். அவர் காதைப் பார்ப்பதற்கு முன் தாயிடம் கேட்ட கேள்வி வேறொன்று: “இவனுக்கு மூத்திரம் எப்படிப் போகிறது?” தாய் சற்றுத் திகைத்துவிட்டு, சிறு வயது முதலே காய்ச்சல் கண்டால் இரண்டு நாள் டீத்தண்ணீர் நிறத்தில் போகும், பிறகு தானே சரியாகிவிடும், உடற்சூடு என்று இளநீர் கொடுப்போம் என்றார். “உங்கள் பிறந்த வீட்டில் யாருக்காவது சிறுநீரக வியாதி உண்டா?” தாயின் தமையன் ஒருவர் இருபத்து நான்கு வயதில் சிறுநீரகம் கெட்டு இறந்தாராம். “அவனுக்கும் கொஞ்சம் காது மந்தந்தான் சிஸ்டர்.” சகோதரி ஒன்றும் பேசவில்லை. ஒரு காகிதப் பட்டையைப் பையனின் சிறுநீரில் தோய்த்தார். இரத்தத்துக்கான கட்டமும் புரதத்துக்கான கட்டமும் நிறம் மாறின. சில ரூபாய் விலையுள்ள அந்தப் பட்டை சொன்ன செய்தியைப் பன்னிரண்டு ஆண்டுகளாக யாரும் கேட்டதில்லை.

இந்த நோய்க்கு அல்போர்ட் நோய் என்று பெயர். ஆர்தர் செசில் அல்போர்ட் என்பவர் தென்னாப்பிரிக்காவில் 1880இல் பிறந்து, இலண்டனில் பணியாற்றிய மருத்துவர். ஒரே குடும்பத்தின் மூன்று தலைமுறைகளில் பலருக்குச் சிறுநீரில் இரத்தம் போவதையும், அவர்களிற் பலருக்குக் காது கேளாமல் இருப்பதையும் அவர் கண்டார். ஆண்கள் இளவயதில் இறந்தார்கள். பெண்களோ அந்த நோயோடே முதுமை வரை வாழ்ந்தார்கள். அந்தக் குடும்பத்தின் சிறுநீரக நோயைப் பற்றி வேறு மருத்துவர்கள் 1902 முதலே எழுதியிருந்தார்கள். செவிட்டுத்தனத்தையும் அதனோடு சேர்த்துப் பார்த்து, இரண்டும் ஒரே நோயின் இரு முகங்கள் என்று 1927இல் எழுதியவர் அல்போர்ட். பிற்காலத்தில் இவர் கெய்ரோ நகரில் பேராசிரியராகி, அங்கே ஏழை நோயாளிகள் நடத்தப்பட்ட முறையைக் கண்டு மனம் பொறாமல், அதிகாரிகளோடு போராடிப் பதவியைத் துறந்தார் என்று படித்தேன். நோய்க்கு அவர் பெயரை இட்டது 1961இல்; அப்போது அவர் இறந்து இரண்டாண்டு ஆகியிருந்தது.

முதுகுப் பக்கம் இருக்கும் சிறுநீரகத்துக்கும் தலைக்குள் இருக்கும் செவிக்கும் என்ன உறவு? என்னைப் போலவே நீங்களும் கேட்பீர்கள். ஒவ்வொரு சிறுநீரகத்திலும் ஏறத்தாழ 10 லட்சம் நுண்ணிய வடிகட்டிகள் இருக்கின்றன. உட்செவியில் நத்தை ஓடு போலச் சுருண்ட காக்ளியா என்னும் உறுப்பில் சுமார் 15,000 மயிரணுக்கள் இருக்கின்றன. நிறைமாதக் குழந்தைக்கு இவ்விரண்டும் தாய் வயிற்றிலேயே எண்ணி முடிக்கப்பட்டவை. பிறந்த பின் அழிந்தால் புதிதாய் முளைப்பதில்லை. இரண்டு உறுப்புகளின் தொழிலும் உப்பையும் நீரையும் அளந்து இடம் மாற்றுவதே. சிறுநீரகம் உடம்பின் உப்பை அளக்கிறது. செவி, மயிரணுக்களைச் சூழ்ந்துள்ள நீரில் பொட்டாசியம் என்னும் உப்பைத் தேக்கிவைத்து, அதன் விசையால் ஓசையை மின் துடிப்பாக மாற்றுகிறது. இரண்டிலும் அடித்தளமாக ஒரு மெல்லிய சவ்வு உண்டு. அந்தச் சவ்வை நெய்யும் நூலுக்கு நான்காம் வகைக் கொல்லாஜன் என்று பெயர். அல்போர்ட் நோயில் பிறவியிலேயே அந்த நூல் பழுது. பழுதான நூலால் நெய்த துணி எங்கெங்கு இருக்கிறதோ அங்கெல்லாம் கிழிகிறது. கண்ணின் வில்லையிலும் அதே நூல் உண்டு. ஆகையால் பார்வையும் சிலருக்குப் பாதிக்கப்படுகிறது.

இந்தக் கிழிசல் ஒரே நாளில் நேர்வதன்று. இதைப் பெற்றோர் நன்கு உணரவேண்டும். அல்போர்ட் நோயுள்ள குழந்தைக்குப் பிறந்தபோது காது நன்றாகக் கேட்கும். பிரசவ மருத்துவமனையில் செவிப் பரிசோதனை செய்து ‘சரி’ என்று எழுதிக் கொடுத்த சீட்டு உங்கள் பெட்டியில் இருக்கலாம். அந்தச் சீட்டு பத்து வயதுக்குச் சாட்சி சொல்லாது. உயர்ந்த சுருதிகள் பள்ளிப் பருவத்தில்தான் ஒவ்வொன்றாக மறையத் தொடங்கும். இந்த நோய் முழு வடிவில் உள்ள சிறுவரில் ஏறத்தாழப் பாதிப்பேருக்குப் பதினைந்து வயதுக்குள் செவி மந்தப்பட்டுவிடுகிறது. ஆதலால் ஐந்து, ஆறு வயது முதல் ஆண்டுக்கொரு முறையேனும் செவியைச் சோதிக்க வேண்டும் என்கிறார்கள்.

சிறுநீரகக் கோளாறுள்ள எல்லாக் குழந்தைகளுக்கும் அல்போர்ட் நோய் என்று எண்ணிவிடாதீர்கள். அது அரிய நோய். பிறவியிலேயே சிறுநீரகமோ சிறுநீர்ப் பாதையோ ஒழுங்காக அமையாமை தான் சிறுவர்களின் நாட்பட்ட சிறுநீரக நோய்க்கு மிகப் பெரிய காரணம். ஆனால் காரணம் எதுவாயினும், இத்தகைய குழந்தைகளின் செவி மற்றக் குழந்தைகளின் செவியை விட ஆபத்தில் இருக்கிறது. வடிகட்டப்படாத கழிவுகள், இரத்த அழுத்தம், உப்பின் ஏற்றத்தாழ்வு ஆகியவை ஒருபுறம். மருந்துகள் மறுபுறம். இந்த இரண்டாவதைச் சற்று விரிவாகச் சொல்லவேண்டும்.

சென்னை மாநகருக்குக் காசநோய் மருத்துவ வரலாற்றில் தனி இடம் உண்டு. 1956இல் சேத்துப்பட்டில் தொடங்கிய ஆராய்ச்சி நிலையம், காசநோயாளி மலைவாச ஸ்தலத்து மருத்துவமனையில் கிடக்கத் தேவையில்லை, வீட்டிலிருந்தே குணமடையலாம் என்று உலகுக்குக் காட்டியது. காசநோய்க்கென்று முதலில் கிடைத்த பெருமருந்து ஸ்ட்ரெப்டோமைசின் ஊசி. அது உயிரைக் காத்தது. பலருடைய காதை எடுத்துக்கொண்டது. என் சிறு வயதில் எங்கள் ஊர்க் கோயில்பிள்ளை அப்படிச் செவிடானவர். அவர் அடித்த மணி அவருக்கே கேட்காது. அந்த மருந்தின் தம்பிமார்தாம் ஜென்டாமைசின், அமிகாசின், கானாமைசின் ஆகியவை. கடுமையான தொற்றுக்கு இன்றும் ஜென்டாமைசினும் அமிகாசினும் வேண்டப்படும் மருந்துகளே. குறைமாதக் குழந்தைகளைப் பிழைக்க வைத்தவையும் அவை. ஆனால் அவை உடம்பை விட்டு வெளியேறும் வாயில் சிறுநீரகம் ஒன்றே. வாயில் பாதி அடைபட்டிருந்தால் மருந்து உள்ளேயே தங்கி, சிறுநீரக அணுக்களையும் செவியின் மயிரணுக்களையும் ஒருசேரத் தாக்கும். இன்னொன்று, வீக்கம் வடியக் கொடுக்கும் ஃப்ருசெமைடு என்னும் நீர்மருந்து. இது சிறுநீரகத்தில் உப்பை இறைக்கும் ஒரு பம்பை நிறுத்தி வேலை செய்கிறது. அந்தப் பம்பின் உடன்பிறப்பு ஒன்று செவியிலும் உண்டு. மிகுந்த அளவில், விரைவாக நரம்பில் ஏற்றினால் செவிப் பம்பும் நின்றுபோகலாம். ஊசியும் நீர்மருந்தும் சேரும்போது ஆபத்து பெருகும். அறிந்த மருத்துவர் இரத்தத்தைச் சோதித்து அளவைக் குறைத்து, இடைவெளியை நீட்டிக் கொடுப்பார். அறியாதவர் கையில்தான் அஞ்சவேண்டும்.

நம் பையனுக்கு எட்டு வயதில் கடுங்காய்ச்சல் வந்தபோது, இரவு ஷிப்டு முடிந்து வந்த தந்தை அவனைத் தோளில் தூக்கிக்கொண்டு பக்கத்தில் திறந்திருந்த ஓர் இடத்துக்குப் போனார். ஐந்து நாள் ஊசி போட்டார்கள். என்ன ஊசி என்று சீட்டில்லை. அந்த இடத்தின் பெயரை நான் எழுதப் போவதில்லை. அவன் காதுக்கு அதனால் கேடு வந்ததா என்று இன்று எவராலும் சொல்லவும் முடியாது. ஆனால் ஒன்றைக் கேட்டுக்கொள்கிறேன். சிறுநீரகக் கோளாறுள்ள பிள்ளைக்கு ஊசியோ மாத்திரையோ தருமுன், “இவனுக்குச் சிறுநீரக நோய் இருக்கிறது; இந்த மருந்து ஆகுமா?” என்று கூச்சமின்றிக் கேளுங்கள். கேட்டதற்குச் சினங்கொள்ளும் மருத்துவரை விட்டு வேறொருவரிடம் செல்லுங்கள். மருந்துச் சீட்டுகளைக் கிழித்தெறியாமல் ஒரு கோப்பில் வையுங்கள். மருந்துக்கடைக்காரரைக் கேட்டு வலி மாத்திரை வாங்கிக் கொடுக்கும் பழக்கத்தையும் விட்டுவிடுங்கள். வலி மாத்திரைகள் பல, நலிந்த சிறுநீரகத்தை மேலும் நலிக்கும்.

இன்னொரு சிறு குறிப்பு. ஞானஸ்நானத்தின்போது குழந்தையின் செவிகளைத் தொட்டுச் செபிக்கும் சடங்கு உண்டல்லவா? அப்போது சில குழந்தைகளின் காதுக்கு முன்புறம் ஊசி முனையளவு துளை ஒன்று இருப்பதை இப்போதெல்லாம் கவனிக்கிறேன். பெரும்பாலும் அது ஒன்றும் செய்யாது. நம்மூரில் அதை அதிருஷ்டம் என்பாரும் உண்டு. ஆனால் அந்தத் துளையோடு கழுத்துப் பக்கத்திலும் சிறு துளை இருந்தாலோ, குடும்பத்தில் எவருக்கேனும் காது கேளாமையோ சிறுநீரகக் குறையோ இருந்தாலோ, குழந்தைக்குச் செவிப் பரிசோதனையும் சிறுநீரக ஸ்கேனும் செய்துவிடுவது நன்று. கரு வளர்கையில் செவியையும் கழுத்தையும் சிறுநீரகத்தையும் சேர்த்துப் பாதிக்கும் பரம்பரைக் கோளாறு ஒன்று உண்டு என்று அறிந்தேன்.

சென்னையில் அரசு மருத்துவமனை ஒன்றில் பையனைச் சோதித்தார்கள். தந்தை ஒருநாள் விடுப்பு எடுத்தார். ஒப்பந்தத் தொழிலாளியான தாய்க்கு அந்த நாள் கூலி போயிற்று. ஓசை புகாத அறையில் பையனின் காதில் கருவியை மாட்டி, தாழ்ந்த சுருதி முதல் உயர்ந்த சுருதி வரை ஒவ்வொன்றாய் ஒலித்து, கேட்டால் கையை உயர்த்தச் சொன்னார்கள். அவனுக்குக் கேட்ட அளவுகளைப் புள்ளியிட்டுக் கோடிழுத்தால், இடப்பக்கம் சமமாகச் சென்று வலப்பக்கம் மலைச்சரிவு போல் இறங்கியது. பரிசோதகர் ஏதோ தோன்றி, உடன் வந்த தந்தையையும் உள்ளே உட்காரச் சொன்னார். அவர் கோடும் சரிந்தது; 4,000 சுருதியில் ஆழமான பள்ளம். அது ஆலையின் ஓசையால் வந்த பள்ளம் என்றார். தகப்பனும் மகனும் இரண்டு தாள்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்ததை நான் மறக்கமாட்டேன். “எம்புள்ள எனக்கே கேக்காதத எப்படிச் சாமி நான் கண்டுபிடிப்பேன்?” என்றார். தொழிலால் வரும் காது கேளாமையைத் தொழில்நோய் என்று நாட்டுச் சட்டம் ஏற்றிருக்கிறது. ஆலையில் கொடுக்கும் காதடைப்பான் அவர் சட்டைப் பையிலேயே கிடந்தது. அதை மாட்டினால் மேற்பார்வையாளர் கூப்பிடுவது கேட்பதில்லையாம்.

இனி வேறொரு கசப்பான செய்தி. அல்போர்ட் நோயின் மிகுதியான வகை தாயின் வழியாக மகனுக்கு வருவது. இதை மருத்துவர் சொன்ன அன்று மாலையே வீட்டில் மாமியார், “உன் குடும்பத்து வியாதியை எங்கள் வீட்டுக்குக் கொண்டுவந்தாய்” என்று தொடங்கிவிட்டார். நான் போய் அவரிடம் பேசவேண்டியதாயிற்று. தாய் அறிந்து கொடுத்ததன்று. அவள் தானே கேளாமல் பெற்றுக்கொண்டதைத் தான் அறியாமல் கொடுத்தாள். அவளுடைய சிறுநீரிலும் இரத்த அணுக்கள் இருந்தன. பையனின் தங்கைக்கும் இருந்தன. பெண்களுக்கு இந்நோய் மெதுவாகச் செல்லும், சிலருக்கு முதுமையில் சிறுநீரகம் செயலிழக்கவும் கூடும். ஆக மருந்தும் கவனிப்பும் வேண்டியவர்கள் அந்த வீட்டில் மூவர். குற்றவாளி ஒருவரும் இல்லர்.

இந்நோயின் மற்றொரு வகைக்கும், பிறவிச் செவிட்டுத்தனத்தின் பல வகைகளுக்கும், பெற்றோர் இருவரிடமும் மறைந்திருக்கும் பழுது ஒன்றுசேர்வதே காரணம். நெருங்கிய உறவில் மணம் செய்யும்போது அப்படிச் சேரும் வாய்ப்பு மிகும். 2019-21இல் நடந்த தேசியக் குடும்ப நல ஆய்வின்படி நம் மாநிலத்தில் மணமான பெண்களில் நான்கில் ஒருவருக்கு மேல் உறவில் வாழ்க்கைப்பட்டவர். திருச்சபைச் சட்டம் மாமன் மகள், அத்தை மகன் உறவை நான்காம் படி என்று கணக்கிட்டு அதைத் திருமணத் தடையாகவே வைத்திருக்கிறது; அக்காள் மகளை மணப்பது அதனினும் நெருங்கியது. ஆயினும் விலக்கு அனுமதி கேட்டு ஆயரகத்துக்கு விண்ணப்பம் எழுதாத பங்குத்தந்தை நம் நாட்டில் உண்டோ? நானே எத்தனையோ எழுதியிருக்கிறேன். ‘சொத்துப் பிரியாமல் இருக்க’, ‘வாக்குக் கொடுத்தாயிற்று’ என்று காரணங்களை நிரப்பியிருக்கிறேன். இப்போது படிவத்தை எடுக்குமுன், இரு வீட்டாரிலும் செவிடர் உண்டா, சிறுவயதில் சிறுநீரகம் கெட்டு இறந்தவர் உண்டா என்று கேட்கிறேன். சிலர் முகம் சுளிக்கிறார்கள். கேட்கத்தான் செய்கிறேன்.

இந்நோய்க்கு முழு மருந்து இன்னும் இல்லை. ஆனால் ஒன்றுமே செய்ய இயலாது என்ற காலம் போய்விட்டது. இரத்த அழுத்தத்துக்குக் கொடுக்கும் ராமிப்ரில், எனலாப்ரில் போன்ற மாத்திரைகள், சிறுநீரில் புரதம் ஒழுகுவதைக் குறைத்து, சிறுநீரகம் செயலிழப்பதைப் பல ஆண்டுகள் தள்ளிப்போடுகின்றன. எவ்வளவு முன்னதாகத் தொடங்குகிறோமோ அவ்வளவு நன்மை. விலை மலிவான மாத்திரை. ஆனால் நோய் இருப்பது தெரிந்தால்தானே கொடுக்க முடியும்? நம் பையனுக்கு மூன்று வயதில் தெரிந்திருக்கக்கூடியது பன்னிரண்டில் தெரிந்தது.

செவிக்கு மாத்திரை இல்லை; கருவி உண்டு. காதின் பின்னே மாட்டும் கருவிகளை மாற்றுத் திறனாளிகள் நலத்துறை இலவசமாக வழங்குகிறது. பாளையங்கோட்டையில் 1897இல் ஃபுளோரன்ஸ் ஸ்வெய்ன்சன் அம்மையார் தொடங்கிய பள்ளியும், அடையாறில் நம் புனித கபிரியேல் சபைச் சகோதரர்கள் நடத்தும் புனித லூயிஸ் நிலையமும் பிறவிச் செவிடர் பலரை ஆளாக்கியவை. இந்தக் குழந்தைகளோ அந்தப் பள்ளிகளுக்கு உரியவர்கள் அல்லர். பேசத் தெரிந்தவர்கள், சாதாரண வகுப்பில் உட்கார்ந்திருப்பவர்கள். அதனாலேயே எவர் கண்ணிலும் படாதவர்கள். முன் பெஞ்சில் உட்கார வைத்து, கரும்பலகைப் பக்கம் திரும்பிக்கொண்டு பேசாமல் இருந்தாலே ஆசிரியர் பாதி வேலை செய்தவர் ஆவார். அரசுப் பள்ளிகளுக்கும் உதவி பெறும் பள்ளிகளுக்கும் 2013 முதல் சிறார் நலத் திட்டத்தின் மருத்துவக் குழு வந்து போகிறது. அவர்கள் வரும் நாளில் உங்கள் பிள்ளை விடுப்பெடுக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். சிறுநீரக நோய் உறுதியானால் எழும்பூர்க் குழந்தைகள் நல மருத்துவமனையில் சிறுவர்க்கெனத் தனிச் சிறுநீரகப் பிரிவு இருக்கிறது. முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்ட அட்டை டயாலிசிசுக்கும் சிறுநீரக மாற்றுக்கும் உதவும். சம்பளத்தில் ஈ.எஸ்.ஐ. பிடித்தம் செய்யப்படும் தொழிலாளி, ஒப்பந்தக்காரராயினும், தம் பிள்ளைக்கு அதன் மருத்துவ உதவியைப் பெறலாம். பிடித்தம் நடக்கிறது, அட்டை வரவில்லை என்போர் எங்கள் பங்கில் பலர். ஞாயிறு பூசைக்குப் பின் இளைஞர் இருவர் இதற்கென்றே மேசை போட்டு உட்காருகிறார்கள்.

பையன் இப்போது மேனிலை வகுப்பில் படிக்கிறான். மாத்திரையை ஒருநாளும் தவறவிடுவதில்லை. ஆயினும் ஆண்டுதோறும் சிறுநீரகத்தின் கணக்கு சற்றுச் சற்றாய் இறங்கி வருகிறது. என்றோ ஒருநாள் மாற்றுச் சிறுநீரகம் வேண்டியிருக்கும். 1971இல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் இந்நாட்டின் முதல் வெற்றிகரமான சிறுநீரக மாற்று நடந்தது. இன்று அது அரசு மருத்துவமனைகளிலும் நடக்கிறது. மாற்றுச் சிறுநீரகம் இந்த நோயாளிகளிடம் நன்றாகவே உழைக்கும். போன செவி மட்டும் அதனால் திரும்பாது. “என்னுடையதை எடுத்துக்கொள்ளுங்கள்” என்று தாய் அன்றே சொன்னார். அவருக்கும் அதே பழுது இருப்பதால், மிகுந்த ஆராய்ச்சிக்குப் பிறகே, வேறு வழி இல்லையானால்தான் எண்ணிப் பார்க்கமுடியும் என்று மருத்துவர் விளக்கினார். அன்று அவர் அழுதது, மகனுக்கு நோய் என்று கேட்ட அன்று அழுததைவிட மிகுதி. தந்தை தம்முடையதைத் தர ஒப்பி, அதற்காகவே புகைப்பதை நிறுத்தியிருக்கிறார். 2008 செப்டம்பரில், எங்களுக்குத் தொலைவில் இல்லாத திருக்கழுக்குன்றத்தில் மருத்துவத் தம்பதியர், விபத்தில் மூளைச்சாவு அடைந்த தம் மகன் ஹிதேந்திரனின் உறுப்புகளைத் தானமாகக் கொடுத்த பிறகு, இந்த மாநிலத்தில் பலருக்கு அப்படியும் சிறுநீரகம் கிடைத்து வருகிறது. பையனின் பெயரை அந்தப் பட்டியலில் சேர்க்கும் நாள் இன்னும் வரவில்லை.

செவிக்கருவி பொருத்திக்கொண்டு அவன் முதன்முறை பீடத்துக்கு வந்த ஞாயிறு நினைவிருக்கிறது. அப்பத்தை உயர்த்தினேன். இம்முறை அவன் தலை குனியவில்லை. கண் என் கைகளிலேயே இருந்தது. மணியை வழக்கம்போல் பலமாக ஆட்டினான். ஆட்டியவன் சட்டென்று நிறுத்தி, நாக்கைக் கையால் பிடித்துக்கொண்டான். கிண்ணத்தை உயர்த்தியபோது மிக மெல்ல அடித்தான். பின்வரிசையில் எவருக்கும் கேட்டிராது. பூசை முடிந்து உடை மாற்றும் அறைக்கு வந்தவன், நான் முகக்கவசத்தை இறக்குவதற்காகக் காத்திராமல் கேட்டான்:

“சாமி, இவ்வளவு சத்தமாவா நான் இத்தனை நாளா அடிச்சிக்கிட்டு இருந்தேன்?”